கூடாரத்தில் கிடைத்த நோட்டுப் புத்தகமும் நம்ம ஊர் மழைக் கணக்கும்

துருவப் பயணம் என்று சொன்னால் நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே ஒரு கதைதான் ஞாபகம் வரும். கேப்டன் ஸ்காட். தென் துருவத்துக்குப் போனார், அங்கே நார்வேக்காரர் அமுண்ட்சென் ஏற்கனவே கொடி நட்டிருந்தார் (1911 டிசம்பர் 14), ஸ்காட் குழு போய்ச் சேர்ந்தது 1912 ஜனவரி 17, திரும்பி வரும் வழியில் ஐந்து பேரும் இறந்து போனார்கள். அவ்வளவுதான். பேச்சுப் போட்டியில் "விடாமுயற்சி" என்று தலைப்பு கொடுத்தால் ஸ்காட்டையும் சிலந்தியையும் சேர்த்து அடித்து விடுவோம் :-)

எனக்கு இந்தக் கதையில் ஒரு சந்தேகம் ரொம்ப நாளாக உண்டு. ஐந்து பேரும் செத்துப் போய்விட்டார்கள். சுற்றி நூற்றுக்கணக்கான மைலுக்கு ஒரு மனிதன் கிடையாது. அப்படியென்றால் ஓட்ஸ் என்பவர் பனிப்புயலில் கூடாரத்தை விட்டுத் தானாக வெளியே நடந்து போனதும், கடைசி நாட்களில் எண்ணெய் தீர்ந்ததும், அடுத்த உணவுக் கிடங்கு வெறும் 11 மைலில் இருந்ததும் நமக்கு எப்படித் தெரியும்?

பதில் சுலபம். எழுதி வைத்தார்கள். விரல் விறைத்துப் போகிற குளிரில் பென்சில் பிடித்து எழுதினார்கள். ஸ்காட்டின் கடைசிக் குறிப்பு 1912 மார்ச் 29. எட்டு மாதம் கழித்து நவம்பர் 12 அன்று தேடிப் போனவர்கள் கூடாரத்தைக் கண்டுபிடித்தபோது, மூன்று உடல்களோடு நோட்டுப் புத்தகங்களும் கடிதங்களும் கிடைத்தன. பக்கத்தில் சுமார் 16 கிலோ பாறைத் துண்டுகள். சாகப் போகிற நிலையிலும் வண்டியிலிருந்து அதைத் தூக்கிப் போடவில்லை. அந்தக் கல்லில் குளோசாப்டெரிஸ் என்கிற பழங்காலச் செடியின் தடம் இருந்தது. நம் நாட்டு ராணிகஞ்ச் நிலக்கரிப் படுகையில் கிடைக்கிற அதே வகைச் செடி! ஒரு காலத்தில் இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்தன என்பதற்கு அது ஒரு சாட்சி.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். துருவப் பயணங்களில் நாம் மதிக்க வேண்டியது வீரத்தை விட அந்தப் பதிவேடுகளைத்தான். யார் எழுதி வைத்தார்களோ அவர்கள் கதை மட்டும்தான் பிழைத்தது. இந்த விஷயத்தில் நாம் மோசமாகத் தோற்றுக் கொண்டிருக்கிறோம். எப்படி என்று கடைசியில் வருகிறேன்.

முதலில் டைரி. டைரியில் இருப்பதெல்லாம் அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்காட்டின் நாட்குறிப்பு 1913ல் புத்தகமாக வந்தபோது, கூட வந்தவர்களைப் பற்றி அவர் எழுதிய கடுமையான வரிகள் சில நீக்கப்பட்டன. இறந்தவரின் பெயரைக் காப்பாற்றுகிறோம் என்று கை வைத்துவிட்டார்கள். கையெழுத்துப் பிரதி பத்திரமாக இருந்ததால்தான் பின்னால் வந்தவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. 1979ல் ராலண்ட் ஹன்ட்ஃபோர்ட் எழுதிய புத்தகம் ஸ்காட்டைக் கிழி கிழி என்று கிழித்தது. திட்டம் சரியில்லை, நாய்களை நம்பவில்லை, தலைமை சரியில்லை என்று பெரிய குற்றப் பத்திரிகை. ஆதரித்தவர்களும் டைரியைக் காட்டினார்கள், எதிர்த்தவர்களும் அதே டைரியைக் காட்டினார்கள்!

இந்தச் சண்டையில் புதுசாக ஒரு சாட்சி வந்தது. அந்தச் சாட்சி இந்தியாவோடு சம்பந்தப்பட்டது. இங்கேதான் எனக்கு ஆர்வம் தாங்கவில்லை.

ஸ்காட் குழுவின் வானிலை விஞ்ஞானி ஜார்ஜ் சிம்ப்சன். அவர் வேலை பார்த்தது சிம்லாவில், இந்திய வானிலைத் துறையில். ஆமாம் நண்பர்களே, இன்றைக்கும் டிவியில் "வங்கக் கடலில் குறைந்த காற்றழுத்தத் தாழ்வு" என்று சொல்கிறார்களே, அதே துறை. அங்கிருந்து அவரைக் கடனாக அனுப்பினார்கள். அவர் கேப் எவன்ஸ் குடிசையில் உட்கார்ந்து காற்றையும் குளிரையும் அளந்து கொண்டே இருந்தார். பலூனில் சின்னக் கருவியைக் கட்டி மேலே விட்டு, அதோடு போகிற பட்டு நூலைப் பிடித்துக்கொண்டே பனியில் நடந்து போய்க் கருவியைத் தேடி எடுத்து வருவார்களாம். 1912ல் அவர் சிம்லாவுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. கொண்டு வந்த எண்களை எல்லாம் ஆராய்ந்து எழுதினார். அந்த வானிலை அறிக்கையின் முதல் இரண்டு பாகங்களும் 1919ல் எங்கே அச்சானது தெரியுமா? கல்கத்தாவில், தாக்கர் ஸ்பிங்க் அச்சகத்தில்! அண்டார்டிகாவின் குளிர் கல்கத்தா வெயிலில் அச்சடிக்கப்பட்டது என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

சிம்ப்சனுக்கு அப்போதே ஒரு கருத்து இருந்தது. 1912 மார்ச் மாதம் வழக்கத்தை விடக் குளிர் அதிகம், சாதாரண வருஷமாக இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று. ஒரு வருஷத்துக் கணக்கை வைத்து இதை எப்படி நம்புவது என்று யாரும் கேட்கலாம். அமெரிக்க விஞ்ஞானி சூசன் சாலமன் இதைப் பல வருஷங்கள் கழித்து எடுத்தார். ஸ்காட் நடந்த அதே பாதையில் இப்போது தானியங்கி வானிலை நிலையங்கள் இருக்கின்றன. அவை பல வருஷமாகப் பதிந்த வெப்பநிலையோடு ஸ்காட் குழுவின் பழைய அளவுகளை ஒப்பிட்டார். அந்த மார்ச்சில் வெப்பநிலை வழக்கத்தை விட 10 முதல் 20 டிகிரி ஃபாரன்ஹீட் குறைவு என்று கண்டார். 2001ல் இதைப் புத்தகமாகவும் எழுதினார்.

குளிர் அதிகமானால் என்ன, இன்னொரு கம்பளி போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்காதீர்கள். பனியில் சறுக்கு வண்டி வழுக்கிப் போவதற்குக் காரணம், உராய்வில் அடியில் கொஞ்சம் பனி உருகி மெல்லிய நீர்ப்படலம் உண்டாவதுதான். குளிர் ஒரு எல்லையைத் தாண்டினால் அந்தப் படலம் உருவாகாது. பனி மணல் மாதிரி ஆகிவிடும். ஆற்று மணலில் மாட்டு வண்டி இழுத்த மாதிரி! மணல் மேல் இழுப்பது போல இருக்கிறது என்று டைரியில் திரும்பத் திரும்பப் புலம்பியது சாக்கு அல்ல, இயற்பியல்.

இதனால் ஸ்காட் மேல் தப்பே இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. கிடங்குகளில் வைத்த டின்களிலிருந்து மண்ணெண்ணெய் ஆவியாகிப் போனது. அமுண்ட்சென் தன் டின்களை ஈயம் வைத்து அடைத்திருந்தார். அதெல்லாம் திட்டத்தின் குறைதான். நான் சொல்வது வேறு. டைரியின் உணர்ச்சியை வைத்து எத்தனை வருஷம் சண்டை போட்டிருந்தாலும் முடிந்திருக்காது. தினமும் குறித்த நேரத்தில் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதிய அந்தச் சலிப்பான எண்கள்தான் வழக்கை நகர்த்தின. அந்த எண்களை எழுதியவர்களில் ஒருவர் பவர்ஸ். கூடாரத்தில் ஸ்காட்டோடு செத்துக் கிடந்த அதே பவர்ஸ். அவரும் ராயல் இந்தியன் மரீனில் வேலை பார்த்தவர்தான்.

அந்தக் கூடாரத்தைக் கண்டுபிடிக்கப் போன குழுவில் இருந்த ஏழு பேரைப் பற்றியும் சொல்ல வேண்டும். லால்கான், குலாப், பேகம், ராணி, அப்துல்லா, பியாரி, கான் சாகிப். எல்லாரும் இந்தியாவிலிருந்து போனவர்கள். யார் என்கிறீர்களா? கோவேறு கழுதைகள்! ஸ்காட் கேட்டுக்கொண்டதால் இந்திய அரசாங்கம் இமயமலையில் பழக்கி அனுப்பியது. பனி வெளிச்சம் கண்ணைப் பறிக்கக் கூடாது என்று கண்ணாடி எல்லாம் உண்டு. வைத்த தீவனத்தை விட்டுவிட்டு டீத்தூள், கயிறு, புகையிலைச் சாம்பல் என்று தின்றதாம். இது நமக்கு எப்படித் தெரியும்? கூடப் போன செர்ரி-கெரார்ட் எழுதி வைத்தார். 1922ல் வந்த அவருடைய புத்தகம் துருவப் பயண நூல்களிலேயே சிறந்தது என்று பலரும் சொல்கிறார்கள். கழுதைக்குப் பெயர், குணம், சாப்பாடு எல்லாம் பதிவாகி இருக்கிறது. அந்தக் கழுதைகளை இமயமலையில் பழக்கிய நம் ஆட்களின் பெயரைக் கேட்டால் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்? யோசித்துப் பாருங்கள்...

பதிவு சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வட துருவம்தான் உதாரணம். ஃபிரெடரிக் குக் 1908ல் வட துருவத்தைத் தொட்டேன் என்றார். ராபர்ட் பியரி 1909 ஏப்ரல் 6ல் நான்தான் முதலில் என்றார். குக்கிடம் நிரூபிக்கிற மாதிரி மூலக் குறிப்புகள் இல்லை. பியரியின் டைரியிலோ, அந்த முக்கியமான நாளுக்கு எழுதியது தனித் தாளில் செருகப்பட்டு இருந்தது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் இரண்டு பேரையும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். பரீட்சையில் விடை மட்டும் எழுதி வழிமுறை எழுதாத கதை.

பியரியோடு போனவர்கள் ஐந்து பேர். மேத்யூ ஹென்சன் என்ற கறுப்பினத்தவரும் நான்கு இனூயிட் மக்களும். ஹென்சன் 1912ல் தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். ஆனாலும் அவருக்குச் சேர வேண்டிய மரியாதை கிடைக்கப் பல வருஷம் ஆனது. அந்த நான்கு இனூயிட்காரர்கள் புத்தகம் எழுதவில்லை. அதனால் "பியரியும் அவருடைய ஆட்களும்" என்பதோடு முடிந்து போனது.

எழுதாவிட்டால் சாட்சியே இல்லையா? அதுவும் தப்பு. 1845ல் ஜான் ஃபிராங்க்ளின் என்பவர் எரிபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்களில் 129 பேரோடு வட கனடா பக்கம் போய்க் காணாமல் போனார். அங்கே வசிக்கிற இனூயிட் மக்கள் பார்த்ததைச் சொன்னார்கள். பட்டினியில் நடந்து போன வெள்ளைக்காரர்கள், செத்தவர்களைத் தின்ற அடையாளங்கள் எல்லாம் சொன்னார்கள். ஜான் ரே என்பவர் 1854ல் அதைக் கேட்டு எழுதி லண்டனுக்கு அனுப்பினார். லண்டன் கொதித்தது. பெரிய எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸே "காட்டுமிராண்டிகள் பேச்சை நம்புவதா" என்கிற பாணியில் எழுதினார். ரேயின் பெயர் கெட்டது. கடைசியில் என்ன ஆச்சு? பின்னால் கிடைத்த எலும்புகளில் கத்தி வெட்டுத் தடங்கள் இருந்தன. 2014ல் எரிபஸ் கப்பலும் 2016ல் டெரர் கப்பலும் கடலடியில் கிடைத்தன. இனூயிட் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த தகவல் தேடலுக்கு உதவியது. நூற்று அறுபது வருஷம் தாங்கிய வாய்மொழி! பாட்டி சொல்வதைக் "கதை" என்று ஒதுக்குகிறவர்கள் கவனிக்கவும்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

ஸ்காட்டின் கூடாரத்தைக் கண்டவர்கள் உடல்களை அங்கேயே விட்டு, கூடாரத்தை அவர்கள் மேல் சரித்து, அதன் மேல் பனிக் குவியல் எழுப்பி, சறுக்குக் கட்டைகளால் சிலுவை செய்து நட்டார்கள். யார், எப்படி இறந்தார்கள் என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்தார்கள். இதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது நடுகல்தான். நம் தர்மபுரி மாவட்டம் நடுகல்லுக்குப் பேர் போனது. அரூர் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் வட்டெழுத்தோடு கிடைத்திருக்கின்றன. தர்மபுரி அருங்காட்சியகத்தில் போய்ப் பார்க்கலாம். எந்த ராஜாவின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், எந்த ஆநிரைச் சண்டையில் பட்டான் என்று சில வரிகள். அவ்வளவுதான், வர்ணனை கிடையாது. ஆனால் ஆயிரத்து நானூறு வருஷம் கழித்து ஒரு சாதாரண மாடு மீட்ட ஆளின் பெயர் நமக்குத் தெரிகிறது. சாதாரண ஆளையும் பெயர் சொல்லிப் பதிகிற பழக்கம் நமக்கு அன்றே இருந்திருக்கிறது. நடுவில் எங்கேயோ தொலைத்து விட்டோம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால்...

இந்தியர்களும் அண்டார்டிகா போயிருக்கிறார்கள். 1960லேயே கிரிராஜ் சிரோஹி என்ற தாவரவியல் விஞ்ஞானி அமெரிக்கக் குழுவோடு போனார். அவர் பெயரில் அங்கே ஒரு முனையே இருக்கிறது, சிரோஹி முனை. 1971 முதல் 1973 வரை பரம்ஜித் சிங் செஹ்ரா ரஷ்யக் குழுவோடு போய், அண்டார்டிகாவில் குளிர்காலம் முழுக்கத் தங்கிய முதல் இந்தியர் ஆனார். 1981 டிசம்பர் 6 அன்று டாக்டர் காசிம் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து போலார் சர்க்கிள் கப்பலில் ரகசியமாகக் கிளம்பி 1982 ஜனவரி 9ல் அங்கே இறங்கினார்கள். 1983-84 குழு தட்சிண கங்கோத்ரி நிலையத்தைக் கட்டியது. சுதீப்தா சென்குப்தா, அதிதி பந்த் என்ற இரண்டு பெண்களும் அந்தக் குழுவில் போனார்கள். 1984ல் 12 பேர் முதல் முறையாக அங்கே குளிர்காலத்தைக் கழித்தார்கள். மாதக்கணக்கில் சூரியனே வராத இருட்டு. பின்னால் அந்த நிலையமே பனியில் புதைந்து போனது. அடுத்து மைத்ரி, 2012ல் பாரதி.

சரி, ஒரு கேள்வி. ஸ்காட்டின் கூடாரத்தில் எத்தனை பேர் இறந்து கிடந்தார்கள் என்று கேட்டால் சொல்லி விடுவீர்கள், மேலேயே படித்தாயிற்று. 1990 ஜனவரியில் அண்டார்டிகாவில் ஒரு கூடாரத்துக்குள் நம் நாட்டவர் நான்கு பேர் கார்பன் மோனாக்சைடு நச்சுப் புகையில் மூச்சடைத்து இறந்து போனார்கள். உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பள்ளியில் எனக்கு யாரும் சொல்லவில்லை. எந்தப் பேச்சுப் போட்டியிலும் நான் கேட்டதில்லை. அதே கண்டம், அதே குளிர், அதே கூடாரம். அவர்கள் சாவு சின்னதா?

வித்தியாசம் சாவில் இல்லை, படிக்கக் கிடைத்ததில் இருக்கிறது. ஒவ்வொரு இந்தியப் பயணத்துக்கும் அரசாங்கம் விஞ்ஞான அறிக்கை வெளியிடுகிறது. நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அது ஆங்கிலத்தில், ஆராய்ச்சிக் கட்டுரை வடிவில். ஜெனரேட்டர் நின்று போன ராத்திரி என்ன நடந்தது, பொங்கலுக்கு என்ன சமைத்தார்கள், ஊரில் அப்பா இறந்த சேதி வந்தபோது திரும்பிப் போகக் கப்பல் இல்லாத ஆள் என்ன செய்தார், இதெல்லாம் அந்த மாதிரி அறிக்கையில் வராது. சுதீப்தா சென்குப்தா தன் அனுபவத்தை வங்காளத்தில் புத்தகமாகவே எழுதிவிட்டார். தமிழில் நேரடி அனுபவம் என்று தேடினால் விரல் விட்டு எண்ணிவிடலாம். தமிழர் யாரும் போகவில்லை என்று சொல்ல முடியாது. திருவாரூர் மாவட்டம் சன்னாநல்லூர்க்காரரான கர்னல் கணேசன் 1980களின் கடைசியில் தட்சிண கங்கோத்ரியில் குளிர்காலக் குழுவுக்கே தலைமை தாங்கியவர். அங்கிருந்து பாறை கொண்டு வந்து சொந்த ஊரில் வைத்திருக்கிறார். எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் அவர் ஒருவர். இத்தனை வருஷத்தில் போன ராணுவ மெக்கானிக்குகள், சமையல்காரர்கள், வயர்லெஸ் ஆட்கள், டாக்டர்கள் எல்லாம் எங்கே?

இரண்டு ஆட்சேபம் வரும் என்று தெரியும். ஒன்று, "ஆங்கிலத்தில் இருந்தால் போதாதா?" விஞ்ஞானத்துக்குப் போதும். ஆனால் ஒரு சமையல்காரர் தன் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுத மாட்டார். மொழியைக் கட்டாயமாக்கினால் அதிகாரியின் கதை மட்டும்தான் மிஞ்சும். பியரிக்கு நடந்த அதே கதை. இரண்டாவது, "சாதாரண ஆள் எழுதுவதில் தப்பும் பொய்யும் இருக்காதா?" இருக்கும். ஸ்காட்டின் டைரியிலேயே கை வைத்தார்களே! அதனால்தான் ஒரு டைரி போதாது, பத்து டைரி வேண்டும் என்கிறேன். தெர்மாமீட்டர் கணக்கும் வேண்டும், புலம்பலும் வேண்டும். ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று காட்டிக் கொடுக்கும்.

இதில் அவசரமும் இருக்கிறது. 1984ல் முப்பது வயதில் போனவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அவர் நோட்டுப் புத்தகம் ஏதாவது டிரங்குப் பெட்டியில் இருக்கும். வீடு வெள்ளையடிக்கிறபோது பழைய பேப்பர்காரனுக்குப் போய்விடும். 1897ல் பலூனில் வட துருவம் போன ஸ்வீடன்காரர் ஆந்த்ரேயின் குறிப்புகளும் போட்டோ சுருளும் பனிக்குள் கிடந்து 33 வருஷம் கழித்து 1930ல் கிடைத்தன. அந்தச் சுருளைக் கழுவிப் படமும் எடுத்தார்கள். பனி காப்பாற்றியது. நம்ம ஊர்க் கரையான் அப்படிக் காப்பாற்றாது :-(

அதனால் என் கோரிக்கை சின்னது. உங்கள் சொந்தத்தில், தெருவில், ராணுவத்திலோ கப்பற்படையிலோ விஞ்ஞானத் துறையிலோ இருந்து அண்டார்டிகா போனவர் இருந்தால் போய்ப் பேசுங்கள். செல்போனில் பதிவு செய்யுங்கள். தேதி, இடம், கூட இருந்தவர் பெயர் கேட்டு எழுதுங்கள். நோட்டு இருந்தால் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். அழகாக எழுத வேண்டாம். நடுகல் மாதிரி எழுதினால் போதும். யார், எப்போது, எங்கே, என்ன.

துருவம் போனவர் யாரும் இல்லையா? பரவாயில்லை. நம்ம பாப்பிரெட்டிப்பட்டியிலும் மழைமானி இருக்கிறது. மழை பெய்த மறுநாள் காலை எட்டரை மணிக் கணக்கு அரூர், பென்னாகரம், பாலக்கோடு என்று மற்ற ஊர்களோடு சேர்ந்து பேப்பரில் வரும். இத்தனை மில்லிமீட்டர் என்று ஒரே ஒரு எண். யாரோ ஒருவர் போய் அளந்து எழுதுகிறார். யாரும் அவருக்குக் கைதட்டியதில்லை. சிம்ப்சன் பனியில் செய்ததும் அதே வேலைதான். வாணியாறு அணை எந்த வருஷம் நிரம்பியது, எந்த வருஷம் காய்ந்தது என்று நாளைக்கு ஒருவன் சண்டை போடும்போது அந்த எண்தான் சாட்சி சொல்லும்.

உங்களுக்குத் தெரிந்த அண்டார்டிகாக்காரர் யாராவது இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால் அவர் சொல்வதை நானே தட்டச்சு செய்து தருகிறேன். திட்டுவதாக இருந்தாலும் திட்டலாம், ஆனால் தேதி போட்டுத் திட்டுங்கள் :-)